கிங்ஸ்டன் ஊர் மருத்துவர் ஜோசையா பார்ட்லெட்

[காட்சி: நியூ ஹாம்ப்ஷயரின் பழைய வரைபடம். கிங்ஸ்டன் என்ற பெயர் மெல்ல நெருங்கி வருகிறது.]

வணக்கம். 1735-இல், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள கிங்ஸ்டன் என்ற இந்தச் சிற்றூரில் குழந்தைகளின் தொண்டையைப் பிடித்து மூச்சை நிறுத்தும் கொள்ளைநோய் ஒன்று தொடங்கியது. தொண்டை அடைப்பான் என்று இன்று நாம் அறியும் அந்த நோய் முதலில் தாக்கிய 40 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்தத் துயரம் ஆறாத ஊருக்குத்தான், 1750-இல், 20 வயதை ஒட்டிய இளைஞராக ஜோசையா பார்ட்லெட் மருத்துவம் பார்க்க வந்தார்.

மாசசூசெட்ஸின் ஏம்ஸ்பரியில் பிறந்த அவர், ஒரு மருத்துவருக்கு உதவியாளராக இருந்தே தொழில் கற்றவர். அமெரிக்கக் குடியேற்றங்களில் அன்று மருத்துவக் கல்லூரி என்று ஒன்றுகூட இல்லை.

[காட்சி: மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு கட்டில், அருகே ஒரு கோப்பை.]

சில ஆண்டுகளில் கடுங்காய்ச்சல் அவரையே படுக்கையில் தள்ளியது. காய்ச்சல்காரருக்குக் குளிர்ந்த எதையும் கொடுக்கக் கூடாது என்பது அக்கால மருத்துவரின் விதி. மற்றவர்கள் கைவிட்ட நிலையில், ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த குளிர்ந்த சைடரை அரைக் கோப்பை அரைக் கோப்பையாக இரவெல்லாம் வாங்கிக் குடித்தார் என்றும், விடியும்போது வியர்வை பெருகிக் காய்ச்சல் இறங்கியது என்றும் அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. சைடர்தான் காப்பாற்றியதா என்பதைவிட, நூலில் உள்ள விதியைக் காட்டிலும் நோயாளியின் உடலைக் கவனிப்பதே முக்கியம் என்று அவர் அதன்பின் உறுதியாக நம்பியதையே நான் பெரிதாக நினைக்கிறேன். 1754-இல் தொண்டை நோய் மீண்டும் பரவியபோது, வழக்கமான முறைகளை விட்டுச் சிங்கோனா மரப்பட்டையைக் கொடுத்துப் பார்த்தார்; நோயாளிகள் பலர் தேறினர்.

வீடு வீடாகச் சென்று சம்பாதித்த அந்த நம்பிக்கைதான் 1765-இல் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. பிரிட்டிஷ் ஆளுநரை எதிர்த்து நின்றதால் நீதிபதிப் பொறுப்பையும் படைப் பதவியையும் இழந்தார். 1774-இல் அவரது வீடு எரிந்தது. அரசர் பக்கத்தவர் வைத்த தீ என்று ஊரில் பேசப்பட்டது. அவர் அதே இடத்தில் புது வீடு கட்டினார்.

பிலடெல்பியாவில் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய பேரவையில், 1776 ஜூலையில், பிரிட்டனிடமிருந்து விடுதலை பெறும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, வடகோடியிலிருந்து அழைக்கும் வழக்கப்படி நியூ ஹாம்ப்ஷயரின் பெயரே முதலில் அழைக்கப்பட்டது. முதலில் 'ஆம்' என்ற குரல் பார்ட்லெட்டுடையது. அந்த மாதங்களிலெல்லாம் கிங்ஸ்டனில் பண்ணையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு அவருக்குக் கடிதம் எழுதி வந்தவர் மனைவி மேரி. அவர் இல்லாமல் இந்த அரசியல் வாழ்க்கை நடந்திருக்காது.

1777-இல் பிரிட்டிஷாருக்கு எதிரான பென்னிங்டன் போருக்குச் சென்ற படைக்கு மருத்துவராகத் துணைநின்றார். சட்டம் பயிலாமலே மாநிலத் தலைமை நீதிபதியானார். 1790 முதல் மாநிலத் தலைவராக இருந்தார். 1792-இல் அப்பதவியின் பெயர் ஆளுநர் என மாறியது.

[காட்சி: முத்திரையிட்ட ஓர் ஆவணம்.]

1791-இல் நியூ ஹாம்ப்ஷயர் மருத்துவச் சங்கத்துக்கு உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. மாநிலத் தலைவர் என்ற முறையில் அதில் கையொப்பமிட்டவர் பார்ட்லெட்; சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. 1794-இல் உடல்நலம் குன்றிப் பதவியை விட்டுக் கிங்ஸ்டன் திரும்பினார். மறு ஆண்டு மே 19 அன்று அங்கேயே காலமானார்.