டியூப்லைட்டை மாற்றும் முன் ஃபிட்டிங்கைத் திறந்து பாருங்கள்

வணக்கம் நேயர்களே. நம் டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட் பக்கம் எந்தக் கோயில் மண்டபத்துக்குள் போனாலும் கூரையில் நான்கடி டியூப்லைட்டுகள் வரிசையாக இருக்கும். வீட்டுச் சமையலறையிலும் கராஜிலும் அதே குழல்தான். இவற்றை எல்இடிக்கு மாற்ற வேண்டிய காலம் நெருங்கிவிட்டது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடின. உள்ளே பாதரசம் உள்ள ஃபுளோரசன்ட் குழல்களின், அதாவது இந்தப் பழைய டியூப்லைட்டுகளின், உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 முடிவுக்குள் நிறுத்துவது என்று அங்கே தீர்மானித்தார்கள். தென்னாப்பிரிக்காவும் அதில் ஒரு நாடு. கடைகளில் இருக்கும் சரக்கு தீரும்வரை பழைய குழல் கிடைக்கும், அவ்வளவுதான்.

மாற்றுவது நல்லதே. ஆனால் பலர் நீளத்தையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கி வந்துவிடுகிறார்கள். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கடைக்குப் போகும் முன் உங்கள் ஃபிட்டிங்குக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எந்த எல்இடி குழல் பொருந்தும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

ஃபிட்டிங்கின் பக்கவாட்டில் கட்டைவிரல் பருமனில் ஒரு ஸ்டார்ட்டர் இருந்து, சுவிட்சைப் போட்டதும் குழல் இரண்டு மூன்று முறை சிமிட்டிவிட்டு எரிந்தால், உள்ளே இருப்பது கனமான பழைய இரும்புச் சோக். இதற்கு வேலை சுலபம். பல எல்இடி குழல்களோடு ஒரு போலி ஸ்டார்ட்டரும் பெட்டியில் வரும். அது உள்ளே ஃபியூஸ் மட்டும் உள்ள ஒன்று. மெயினை அணைத்துவிட்டு, பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றி இதைத் திருகி, குழலை மாட்டினால் போதும். பழைய ஸ்டார்ட்டரை அப்படியே விட்டுவிட்டு, புதுக் குழல் சிமிட்டுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஸ்டார்ட்டரே இல்லாமல் சிமிட்டாமல் எரிகிறதா? அப்படியானால் உள்ளே, இரும்புச் சோக்கின் வேலையை மின்னணு முறையில் செய்யும் எலக்ட்ரானிக் பேலஸ்ட் இருக்கும். இங்கேதான் பணம் வீணாகிறது. எல்லா எல்இடி குழலும் எல்லா எலக்ட்ரானிக் பேலஸ்டோடும் ஒத்துப்போகாது. தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் பேலஸ்டின் மாடல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், பேலஸ்டையே கழற்றி எறிந்துவிட்டு 230 வோல்ட் மின்சாரத்தை நேரே குழலுக்குக் கொடுப்பதுதான் நல்லது. பழைய பேலஸ்ட் ஒருநாள் கெட்டே போகும். அன்றைக்கு நல்ல எல்இடி குழலும் அதோடு இருட்டாகிவிடும்.

நேர் வயரிங் என்பது பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. சில குழல்களுக்கு லைவ், நியூட்ரல் இரண்டுமே ஒரே முனையில் வர வேண்டும். வேறு சிலவற்றுக்கு முனைக்கு ஒன்றாக. இதை மாற்றிக் கொடுத்தால் ஷார்ட் ஆகி வெடிக்கலாம். வயரிங் மாற்றிய ஃபிட்டிங்கின் மேல் 'எல்இடி குழல் மட்டும்' என்று ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். நாளைக்கு விவரம் தெரியாத ஒருவர் பழைய ஃபுளோரசன்ட் குழலை அதில் மாட்டிவிடக் கூடாது.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். வாட்டைப் பார்க்காதீர்கள், வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமனைப் பாருங்கள். நல்ல 36 வாட் பழைய குழல் மூவாயிரம் லூமனுக்கு மேல் தரும். ஆனால் அது நாலாபக்கமும் சிதறுவதால் பாதிக்குப் பாதி மேலே கூரைக்குத்தான் போகும், அதில் கொஞ்சம்தான் திரும்பி வரும். எல்இடி கீழ்நோக்கியே வீசுவதால் 2000 லூமன் பெரும்பாலும் போதும். மலிவான குழல் 1600க்குள் நின்றுவிடும். உயரமான மண்டபத்தில் அது மங்கலாகத் தெரியும்.

நிறத்தை நான் ரொம்பவும் வலியுறுத்துவேன். பழைய குழலின் முனையில் 840 அல்லது 865 என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். முதல் எண், நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதைச் சொல்கிறது: 8 என்றால் நூற்றுக்கு 80க்கு மேல். அடுத்த இரண்டு எண்கள் 4000 கெல்வின், 6500 கெல்வின் என்று ஒளியின் சாயலை, அது மஞ்சளா வெள்ளையா என்பதைச் சொல்கின்றன. நிறத் தரம் குறைந்த வெளிச்சத்தில் நெற்றிக் குங்குமமும் அரக்குப் பட்டும் பழுப்படித்துவிடும். சன்னிதிக்கும் கல்யாண மேடைக்கும் நிறத் தரம் 90க்கு மேல் உள்ளதாக, 3000 அல்லது 4000 கெல்வினில் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடும். அம்மனின் அலங்காரம் கண்ணுக்கு நிறைவாகத் தெரிய வேண்டாமா?

மிச்சம் எவ்வளவு? இரும்புச் சோக்கோடு சேர்த்து 36 வாட் குழல் சுமார் 45 வாட் இழுக்கும். எல்இடி 18 வாட். மண்டபத்தில் 20 விளக்குகள் ஐந்து மணி நேரம் எரிந்தால் 2.7 யூனிட் மிச்சம். லோட்ஷெட்டிங் எனும் முறை மின்வெட்டுக்காக இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு 540 வாட் சுமை குறைவது பெரிய உதவி. மின்சாரம் திரும்பும்போது வோல்டேஜ் எகிறி, எல்இடி குழலுக்குள் மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவரைக் கெடுக்கலாம். போர்டில் சர்ஜ் பாதுகாப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபப் பொறுப்பாளர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெளியேறும் வாசல் அருகே பேட்டரியோடு இருக்கும் அவசர விளக்கில் சாதாரண எல்இடி குழலை மாட்டினால், மின்சாரம் போனதும் அது எரியாமல் போகலாம். அதற்கென்று செய்த எல்இடி ஃபிட்டிங்கையே வாங்குங்கள்.

கழற்றிய பழைய குழல்களைக் குப்பையில் உடைத்துப் போடாதீர்கள், உள்ளே பாதரசம் உண்டு. புதுக் குழல் வந்த அட்டைப் பெட்டியிலேயே அவற்றை வைத்து, விளக்குகளைத் திரும்பப் பெறும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். தவறி உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் அறைக்கு வெளியே இருங்கள். அப்புறம் கெட்டி அட்டையால் வாரி, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். வேக்குவம் கிளீனர் மட்டும் வேண்டாம்; பாதரச ஆவியை அது அறை முழுக்கப் பரப்பிவிடும். நன்றி, வணக்கம்.