கிழ நாய்க்கு நீச்சல்

நேயர்களுக்கு வணக்கம். 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். பாதிக் காலம் பென்னாகரம் பக்கம், மீதி தேன்கனிக்கோட்டை பக்கம். கம்ப்யூட்டரை வைத்து ஆங்கிலம் வாசிக்கப் பழக்குவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். திரையில் என்ன தெரியும் என்பதை இங்கே காட்ட வழியில்லை. நீங்கள்தான் மனத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நாய் கதை. என்னுடன் வேலை பார்த்தவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் 'ஆரம்பித்துவிட்டார்' என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் பள்ளியில் பத்து கம்ப்யூட்டர்கள். ஆறு ஓடினால் அன்று நல்ல நாள். ஒன்றுக்கு இரண்டு பிள்ளைகள். ஒரே ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். வாசிப்புக்கென்று ஒரு மென்பொருள் போட்டிருந்தோம். எந்த ஆங்கிலச் சொல்லின் மேல் மவுஸை வைத்து அழுத்தினாலும் தமிழ் அர்த்தம் திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் வந்து நிற்கும். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், மூன்றாவதாக ஆங்கிலம். 'தி ஓல்ட் டாக் கேன் ஸ்விம் வெல்' என்ற வரியைச் சொல் சொல்லாக அழுத்தி, வந்ததையெல்லாம் நோட்டில் அழகாக எழுதிவைத்தான். கிழ, நாய், டப்பா, நீந்து, கிணறு.

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. 'வெல்' என்றால் கிணறுதான். 'கேன்' என்றால் டப்பாதான். நாமே தண்ணீர் கேன் என்கிறோமே. கிழ நாயால் நன்றாக நீந்த முடியும் என்பதுதான் அந்த வரி. 'முடியும்', 'நன்றாக' என்பவை அதே கட்டத்தில் இரண்டாவது வரியில் இருந்தன. இரண்டாவது வரிவரை யார் போகிறார்கள்?

"என்னப்பா கதை?" என்று கேட்டேன்.

"கிழ நாய் முதுகில் டப்பாவைக் கட்டிக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்குகிறார்கள் சார்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு எப்படி நீச்சல் பழக்குகிறோம்? முதுகில் சுரைக்குடுக்கையோ காலி டப்பாவோ கட்டித்தானே கிணற்றில் இறக்கிவிடுகிறோம்! உதிரியாக ஐந்து சொற்கள் கையில் கிடைத்ததும், தான் கண்டதை இட்டு நிரப்பி, தலையும் வாலும் உள்ள ஒரு காட்சியைச் செய்துவிட்டான் அவன். வாசிப்பு என்று நான் எதைச் சொல்லிக்கொடுக்க நினைத்தேனோ அது அவனிடம் ஏற்கெனவே இருந்தது. வரியைப் பிய்த்துச் சொல்லாகப் போட்டது நான் கொண்டுவந்த வசதி.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பிடிவாதம். முதல் வாசிப்பில் அர்த்தக் கட்டம் கூடாது. வரி முழுவதையும் கம்ப்யூட்டர் குரலில் கேட்க வேண்டும்; சொல்லுக்குச் சொல் நிறம் மாறுவதைக் கண்ணால் பின்தொடர வேண்டும். இரண்டு முறை, மூன்று முறை. பிறகு ஊகம். அர்த்தம் கடைசியில். நான் மூன்றாவது முறைக்கே குரலை உயர்த்திவிடுகிற ஆள். இந்த இடத்தில் கம்ப்யூட்டர் என்னைவிட நல்ல வாத்தியார்.

குரல் எதற்கு என்று கேட்கலாம். ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லில் 'டஃப்', ஒன்றில் 'காஃப்', ஒன்றில் 'தோ', இன்னொன்றில் 'த்ரூ'. இருப்பது 26 எழுத்து, ஒலிகளோ சுமார் 44. காதில் விழாமல் பிள்ளை என்ன செய்யும்? நம்மிடமும் சின்ன வம்பு உண்டு. 'காகம்' என்பதில் முதல் எழுத்துக்கு ஒரு ஒலி, நடுவில் இருக்கும் ககரத்துக்கு வேறு ஒலி. நமக்கு அது உறுத்துவதில்லை. அந்தத் தெலுங்குப் பையனுக்கு உறுத்தும். அவன் மொழியில் இந்த ஒரு 'க'வுக்கு நான்கு எழுத்து.

கண் விஷயமும் இருக்கிறது. டீக்கடையில் பேப்பர் படிப்பவருக்கு எதிரே உட்கார்ந்து அவர் கண்ணைப் பாருங்கள். வரி மேல் வழுக்கிக்கொண்டு போகாது. தத்தித் தாவும், ஒவ்வோர் இடத்திலும் கால் விநாடி போல நிற்கும், மறுபடி தாவும். அந்தத் தாவலுக்கு நடுவே கட்டம் வந்து விழுந்தால், கண் திரும்பும்போது விட்ட இடம் தெரியாது. வரியின் தலைப்பகுதி நினைவிலிருந்து போயிருக்கும்.

அர்த்தம்தான் உடனே கிடைக்கிறதே என்று கடினமான பாடத்தைப் போடுகிறார்கள். நானும் போட்டேன். நியூசிலாந்தின் மொழி ஆய்வாளர் பால் நேஷன், மார்செல்லா ஹூ என்பவரோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது: ஒரு கதையைத் துணையில்லாமல் நன்றாகப் புரிந்துகொள்ள 100 சொற்களில் சுமார் 98 முன்பே தெரிந்திருக்க வேண்டும். சோற்றில் இரண்டு கல் என்றால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவோம். இருபது என்றால் தட்டைத் தள்ளிவிடுவோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கதை கொடுப்பதில் வெட்கமே இல்லை. எளிதான கதை, நிறையக் கதை. மறுபடியும் சொல்கிறேன், எளிதான கதை.

கம்ப்யூட்டரே கேள்வி கேட்டுத் திருத்துவது, வீட்டில் செல்பேசியைப் பயன்படுத்துவது என்று இன்னும் இரண்டு குறித்துவைத்திருந்தேன். நேரத்தில் பாதியை நாய் தின்றுவிட்டது. முதலாவதை விட்டுவிடுகிறேன். செல்பேசி மட்டும். பெரும்பாலான செல்பேசிகளில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது, வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். நான்கைந்து வரிக் கதை போதும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன கதை?" என்று கேளுங்கள். டப்பா, கிணறு என்று ஏதாவது வந்தால் சிரிக்காமல் முழுவதையும் கேட்டுவிடுங்கள். வணக்கம்.