84 மார்க் வாங்கியும் எஞ்சினியரிங் கிடையாது: கிரேடு 9இல் நிரப்பும் அந்த ஒரு படிவம்

(திரையில்: தென்னாப்பிரிக்காவின் மேட்ரிக், அதாவது கிரேடு 12 இறுதித் தேர்வின் இரண்டு மதிப்பெண் பட்டியல்கள், பக்கத்தில் பக்கத்தில்.)

வணக்கம். இந்த இரண்டு பட்டியல்களையும் பாருங்கள். உதாரணத்துக்காக நானே எழுதியவைதான். இடது பக்கத்துப் பிள்ளைக்குக் கணக்கில் 84. வலது பக்கத்துப் பிள்ளைக்கு 71. இரண்டு பேரும் எஞ்சினியரிங்குக்கு விண்ணப்பிக்கிறார்கள். யாருக்கு இடம் கிடைக்கும்?

71 வாங்கிய பிள்ளைக்கு வழி இருக்கிறது. 84 வாங்கிய பிள்ளையின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே மாட்டார்கள். ஏனென்று தெரிய அந்த 84க்குப் பக்கத்தில் இருக்கும் பாடத்தின் பெயரைப் படியுங்கள். ‘மேத்தமேட்டிக்ஸ்’ என்று இருக்காது. ‘மேத்தமேட்டிகல் லிட்டரசி’ என்று இருக்கும். பிள்ளைகள் வாயில் அது ‘மேத்ஸ் லிட்’.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்திலிருந்து பேசுகிறேன். நம் அரசுப் பள்ளிகள் பிள்ளைகளை கேப் டவுன், விட்ஸ், ஸ்டெல்லன்போஷ் மாதிரிப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு எந்த அளவுக்குத் தயார் செய்கின்றன? இந்தக் கேள்வியை எனக்கு நிறையப் பெற்றோர்கள் அனுப்பியிருந்தீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேட்ரிக்கில் பாஸ் பண்ணவைக்க நன்றாகவே தயார் செய்கின்றன. பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்வது வேறு வேலை. அதைப் பல பள்ளிகள் தொடங்குவதே இல்லை.

பின்னணியை வேகமாக முடித்துவிடலாம். மேட்ரிக்கில் ஏழு பாடங்கள். 2024இல் தேர்ச்சி 87.3 விழுக்காடு. பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கத் தகுதி தரும் பேச்சலர் பாஸ் வாங்கியவர்கள் 47.8 விழுக்காடு. பேச்சலர் பாஸ் என்றால் இடம் கிடைத்துவிட்டது என்று நம் ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டு ஜனவரியில் கேக் வெட்டுகிறார்கள். அது விண்ணப்பிக்கத் தகுதி, அவ்வளவுதான். இடம் தருவது எந்தப் பாடத்தில் எவ்வளவு என்பதைப் பார்த்து.

ஒரு நிமிடம், கொஞ்சம் பழைய கதை. இதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. இந்த நாட்டில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று வந்த முதல் உயர்நிலைப் பள்ளி, டர்பனின் சாஸ்திரி கல்லூரி. திறந்தது 1929இல். அதற்கு முன்னின்று பணம் திரட்டியவர், இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே வந்திருந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி, நம் கும்பகோணத்துப் பக்கம் வலங்கைமானில் பிறந்தவர். அப்புறம் 1959இல் நிறவெறி அரசின் ஒரு சட்டம் வந்து, கேப் டவுன், விட்ஸ் கதவுகளை நம்மவர்களுக்குச் சாத்தியது. அமைச்சரின் அனுமதி இல்லாமல் சேர முடியாது. பதிலுக்கு 1961இல் நமக்கென்று ஒரு கல்லூரி கொடுத்தது எங்கே தெரியுமா? டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன கட்டடங்களில். என் பெரியப்பா அங்கே படித்தவர். படகில்தான் காலேஜுக்குப் போவார். படகைத் தவறவிட்டால் முதல் வகுப்பு போச்சு என்று இன்றைக்கும் சொல்வார். 1972இல்தான் வெஸ்ட்வில் மலைக்கு மாறினார்கள். அவ்வளவு பாடுபட்டுப் படித்த குடும்பங்கள் நாம். அதனால்தான் இன்றைக்கு ஒரு படிவத்தில் தப்பான கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் பிள்ளைகள் வெளியே நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

சரி, அந்தப் படிவத்துக்கு வருவோம்.

(திரையில்: மேசைமேல் இரண்டு பழைய வினாத்தாள்கள்.)

கிரேடு 9 மூன்றாம் பருவத்தில் பள்ளியிலிருந்து ஒரு தாள் வரும். கிரேடு 10க்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் தாள். அதில் மேத்ஸ் அல்லது மேத்ஸ் லிட். பிள்ளைக்கு வயது பதினைந்துகூட ஆகியிருக்காது. பெற்றோர் ஒரு கையெழுத்துப் போடுவார்கள். முடிந்தது.

இரண்டு பாடமும் எப்படி இருக்கும் என்று நான் உட்கார்ந்து வினாத்தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேத்ஸ் லிட் தாளில் வங்கிக் கணக்குப் பட்டியல் ஒன்று இருக்கும், அதில் கட்டணம் எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்பார்கள். மின்சாரம், தண்ணீர் பில் கணக்குப் போடவேண்டும். வரைபடத்தில் இத்தனை சென்டிமீட்டர் என்றால் நிஜத்தில் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பார்கள். நான் மனதாரச் சொல்கிறேன், இது நல்ல பாடம். கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் பெரியவர்கள் எல்லோரும் இதைப் படித்திருக்க வேண்டும்.

மேத்ஸ் தாளைத் திறங்கள். ‘முதல் கொள்கையிலிருந்து வகைக்கெழுவைக் காண்க’ என்று ஒரு கேள்வி தவறாமல் வரும். எல்லை, சார்பு, திரிகோணமிதி, யூக்ளிட் வடிவியல். எஞ்சினியரிங், மருத்துவம், ஆக்சுவேரியல் (காப்பீட்டுக் கணிப்பு) எல்லாம் தொடங்கும் இடம் இதுதான். மேத்ஸ் லிட்டில் 100க்கு 100 வாங்கினாலும் இந்தக் கதவுகள் திறக்காது. இன்னொன்று, மேத்ஸ் இல்லாத பிள்ளையை ஃபிசிக்கல் சயின்ஸில் பல பள்ளிகள் சேர்ப்பதே இல்லை. ஒரு டிக்கில் இரண்டு பாடம் போய்விடுகிறது. மேத்ஸிலிருந்து லிட்டுக்கு இறங்குவது சுலபம். ஒரு வருடம் லிட் படித்துவிட்டு மேத்ஸுக்கு ஏறிய பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதில் என் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது வீட்டுப் பெண். டாக்டராக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள். ஒரு நாள் சாயங்காலம் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். “ஆன்ட்டி, டீச்சர் லிட் எடுக்கச் சொல்றாங்க. ஈஸியா டிஸ்டிங்ஷன் வருமாம்.” தாளில் ஏற்கெனவே பென்சிலால் டிக் அடித்திருந்தது. அவள் அடிக்கவில்லை. கிரேடு 9 ஜூன் தேர்வில் அவளுக்கு 43. அதைப் பார்த்து யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? ஜனவரியில் ஒவ்வொரு பள்ளியின் தேர்ச்சி விழுக்காடும் வெளியே வரும். அதை வைத்துத்தான் தலைமை ஆசிரியரைக் கேள்வி கேட்பார்கள். தடுமாறும் பிள்ளைகளை லிட்டுக்கு அனுப்பினால் விழுக்காடு தப்பிக்கும். ஆசிரியர்களை நான் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மேத்ஸ் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த விழுக்காட்டுக்கான விலையைக் கொடுப்பது பிள்ளை.

தாளில் மேத்ஸ் கட்டமே இல்லாத பள்ளிகளும் இருக்கின்றன. நாடு முழுக்க 464 அரசுப் பள்ளிகளில் மேத்ஸ் பாடமே கிடையாது என்று 2025இல் கல்வி அமைச்சர் சொன்னார். அதில் 135 நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில். அந்தப் பள்ளியில் ஒரு ராமானுஜனே படித்தாலும் லிட்தான் எழுதவேண்டும்.

கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளி, வாங்காத அரசுப் பள்ளி என்ற வித்தியாசத்துக்குத் தனி வீடியோ போடுகிறேன்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேத்ஸ் எடுத்தாச்சு, மார்க்கும் வந்தாச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேப் டவுனில் மருத்துவத்துக்கு 900 புள்ளிகள். அதில் 600 மேட்ரிக்கின் ஆறு பாடங்கள். மீதி 300 என்பிடி (நேஷனல் பெஞ்ச்மார்க் டெஸ்ட்) என்ற தனித் தேர்வு. ஒரே நாளில் இரண்டு அமர்வு, தலா மூன்று மணி நேரம். கால்குலேட்டர் கிடையாது!

மேட்ரிக்கில் கால்குலேட்டர் உண்டு. நம் பிள்ளைகள் 6 பெருக்கல் 8க்குக்கூட அதைத்தான் தட்டுகிறார்கள். இந்தத் தேர்வில் பின்னங்கள், வர்க்கமூலம், விழுக்காடு எல்லாம் மனதில், இல்லையென்றால் பென்சிலில். பள்ளியில் நல்ல மார்க் வாங்கும் பிள்ளைகள் இங்கே விழுவதற்கு இது ஒரு காரணம் என்பது என் கருத்து. என் தாத்தா டர்பனில் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸில் வளர்ந்தவர், பள்ளிக்கு அதிகம் போகாதவர். வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் தலைகீழாகச் சொல்வார். சமையலறையில் ரொட்டி சுடும்போது ஆயா கேட்பார், அவர் சொல்வார். இன்று ராத்திரியே உங்கள் வீட்டில் பத்து நிமிடம் அதைச் செய்து பாருங்கள். செலவு ஒரு ரேண்ட்கூடக் கிடையாது.

கிரேடு 8, 9 பிள்ளை வீட்டில் இருந்தால் தாள் வருவதற்காகக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே பள்ளிக்குப் போய், கிரேடு 10இல் மேத்ஸ் இருக்கிறதா, எத்தனை பிள்ளைகள் எழுதுகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் 60ஐத் தாண்டுகிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு பள்ளி தேட உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. என்ன பதில் சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், ஊரை மட்டும் போடுங்கள். ஒவ்வொன்றையும் நான் படிப்பேன்.

அந்தப் பெண்ணின் தாளில் இருந்த பென்சில் டிக்கை அவள் அம்மாவே ரப்பர் வைத்து அழித்தார். இப்போது கிரேடு 11. இரண்டு வருடமாகச் சனிக்கிழமை காலையில் என் வீட்டுத் திண்ணையில் கால்குலேட்டர் இல்லாமல் கணக்குப் போடுகிறாள். போன ஜூனில் மேத்ஸில் 66. “இன்னும் ஏறணும் ஆன்ட்டி” என்று விடைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.