காயத்துக்குப் பின் களம் திரும்பும் மனம்

நேயர்களுக்கு வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளைக் கடற்கரைகளில் கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை அளித்துவரும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில், முட்டில், அதாவது முழங்காலில், எலும்புகளை இணைக்கும் லிகமென்ட் என்ற நார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மீண்டும் ஆட்டத்துக்கு வருவதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ஒன்பது மாதம் கழிந்துவிட்டது, நொண்டாமல் ஓடுகிறான், இன்னும் என்ன தயக்கம் என்று வீட்டாரும் அணியினரும் கேட்பது வழக்கம். என்னிடம் வந்த தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு இரு கால்களின் வலிமையும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தது. ஒற்றைக்காலில் தாவும் சோதனையிலும் குறையில்லை. ஆயினும் எதிராளி பந்தோடு நெருங்கியதும் அரை அடி பின்வாங்குவார். அறுவை செய்த காலை ஊன்றித் திரும்ப வேண்டிய இடத்தில் மறுகாலைத் தேடுவார். கரையில் நின்றவர்கள் ‘பயல் பேடிச்சுட்டான்’ என்றார்கள். விசாரித்தபோது அவர் சொன்னது வேறு: “வலி இல்லை சார், அன்றைக்கு முட்டுக்குள் கேட்ட ‘டப்’ என்ற சத்தம் மறுபடி கேட்டுவிடுமோ என்றுதான்.” லிகமென்ட் அறும்போது அப்படியொரு சத்தத்தைப் பலர் கேட்பதுண்டு. ஆறிய முழங்காலைச் சோதித்த நாங்கள் அந்தச் சத்தத்தைப் பற்றி அதுவரை கேட்கவே இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு, அசையாமல் நிற்கும் தோழரிடமிருந்து பந்தைப் பறிப்பது, மெதுவாக ஓடி வருபவரை மறிப்பது, கடைசியாகப் போட்டி வேகத்தில் மோதுவது எனப் படிப்படியாகப் பழக்கினோம். அடுத்த படிக்கு எப்போது செல்வது என்பதை அவரே தீர்மானித்தார். அவசரப்படுத்தியிருந்தால், என் கருத்தில், அவர் ஆட்டத்தையே விட்டிருப்பார்.

இது ஒருவரின் கோழைத்தனம் அன்று. 2014-இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வின்படி, இந்த அறுவைக்குப் பின் நூற்றில் 81 பேர் ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்பினர். போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்களோ 55 பேர்தான். அச்சம், தன்னம்பிக்கை, மீண்டும் அடிபடும் என்ற கணிப்பு ஆகியவற்றை அளக்க ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் 12 கேள்விகள் கொண்ட அளவுகோலையே வகுத்திருக்கிறார்கள். ரியோ ஒலிம்பிக்கில் முட்டில் பலத்த அடிபட்டுத் தூக்கிச் செல்லப்பட்ட மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத், 2018-இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அதைக் காட்டி மற்றவர்களை விரட்டுவது நியாயமாகாது.

நேரம் முடிவதாகச் சைகை வருகிறது. பள்ளிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல இயலவில்லை. 12 கேள்விகளுக்கும் நேரமில்லாத உடற்கல்வி ஆசிரியர், மீண்டும் அடிபடுமோ என்ற பயம் உண்டா என்பதையாவது மாணவரைத் தனியே அழைத்துக் கேட்கட்டும். அணியின் முன்னால் கேட்டால் எவரும் ‘பயம் இல்லை’ என்றே சொல்வார்கள். நன்றி, வணக்கம்.