அழுகையைக் குறை, வேலையைக் கொடு

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் நாடக ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, அக்காமாரே, அண்ணன்மாரே, நாற்காலி போதாமல் கதவோரம் நிற்கும் தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

நம்முடைய மண்டபங்களில் சீரியஸ் நாடகம் போடுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "நம்ம ஜனங்களுக்குக் காமெடிதான் பிடிக்கும், கனமான கதை எடுபடாது" என்று நாமே அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பகல் முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டு, விடிய விடிய உட்கார்ந்து பாரதக் கூத்து பார்த்த கூட்டம் இது. 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று இந்த ஊரில் சொல்லும் அதே தெருக்கூத்துதான். கட்டியங்காரன் வந்தால் சிரித்தார்கள், அபிமன்யு விழுந்தால் அழுதார்கள். ரெண்டும் ஒரே ராத்திரியில் நடந்தது. நாடகாசிரியர் ரோனி கோவிந்தர், கரும்பு ஊரான மவுண்ட் எட்ஜ்கோம்பின் ஓட்டல் பாரை மேடைக்குக் கொண்டுவந்தபோதும் அப்படித்தான். ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். லானி, அதாவது வெள்ளைக்கார முதலாளி, முன்னால் ஒருவன் எப்படிக் கூனிக் குறுகுகிறான் என்பதும் அதே சிரிப்போடு உள்ளே இறங்கியது.

இன்னொன்றும் உண்டு. இந்த நாட்டில் நாடகம் போடுவது ஒரு காலத்தில் ஆபத்தான வேலை. 1965இல் வந்த அரசாணைக்குப் பிறகு, தனி அனுமதி இல்லாமல் எல்லா இனத்தாரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து பார்க்க வழியில்லை. நேட்டால் நாடக மன்றத்தை நடத்தியவர்களில் ஒருவரான ஸ்ட்ரினி மூட்லி ராபன் தீவுச் சிறைக்குப் போனார். அவர் மேல் போட்ட வழக்கில் நாடகப் பிரதிகளையும் கவிதைகளையும் அரசுத் தரப்பு சான்றாக அடுக்கியது. அவ்வளவு பேர் பயந்த ஒரு சமாசாரத்தை, 'எடுபடாது' என்று நாம் ஓரமாக வைத்துவிடக் கூடாது.

சரி, வேலைக்கு வருகிறேன். எங்கள் குழு எடுத்துக்கொண்டது தில்லையாடி வள்ளியம்மை கதை. பள்ளிக்கூட விழாக்களில் நீங்கள் எல்லாரும் பார்த்ததுதான். ஒரு சின்னப் பெண் முஷ்டியைத் தூக்கிக் கத்துவாள், திரை விழும், கைதட்டு. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. 1913இல் என்ன நடந்தது என்று எழுதி வைத்திருப்பதை முதலில் வாசித்தோம். அந்த வருஷம் மார்ச்சில் கேப் நீதிமன்றம், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. கூலி ஒப்பந்தம் முடிந்தும் இந்தியாவுக்குத் திரும்பாதவர் தலையில் ஏற்கெனவே மூன்று பவுன் வரி. டிரான்ஸ்வாலிலிருந்து பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், எல்லை தாண்டி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய் "வேலையை நிறுத்துங்கள்" என்றார்கள். பிடித்து மாரிட்ஸ்பர்க் ஜெயிலில் போட்டார்கள். அந்தப் போராட்டத்தில்தான் ஜோகன்னஸ்பர்க் பெண் வள்ளியம்மையும் உள்ளே போனாள். காய்ச்சலோடு வெளியே வந்தாள். 1914 பிப்ரவரி 22 அன்று செத்துப்போனாள். பதினாறு வயது.

இந்தப் பெண்களுக்கு ஜெயிலில் என்ன வேலை கொடுத்தார்கள் என்பதைக் காந்தி ஒரு வரியில் எழுதியிருக்கிறார். துணி துவைக்கும் வேலை. சாப்பாடு படுமோசம் என்றும் எழுதியிருக்கிறார். எங்கள் நாடகம் அந்த ஒரு வரியிலிருந்துதான் முளைத்தது. ஜெயில் காட்சி முழுக்க ஐந்து பெண்கள் துவைத்துக்கொண்டே இருப்பார்கள். தகரத் தொட்டி, நிஜத் தண்ணீர், நனைந்தால் தூக்க முடியாத முரட்டுக் கம்பளி. மண்டபக்காரர் தரை பாழாகிவிடும் என்று சண்டைக்கு வந்தார். தார்ப்பாய் விரித்து, மேலே சாக்கு போட்டு, பாக்கித் தண்ணீரை ஒத்தியெடுக்க ரெண்டு பையன்களை நிறுத்திய பிறகுதான் விட்டார்.

தண்ணீருக்கு ஏன் இவ்வளவு பாடு? நம் மண்டபத்தில் பார்க்க வருகிறவர்களுக்கு நடிக்கிறவர்களைத் தெரியும். துணி ஆலையில் தையல் வேலை பார்க்கும் அக்கா மேடையில் முகத்தை மூடி அழுதால், மூன்றாவது வரிசையில் அவர் தங்கச்சி மகள் கிளுக்கென்று சிரிப்பாள். அது கிண்டலில்லை, தெரிந்த முகத்தைப் பார்த்த கூச்சம். அதே அக்கா கம்பளியை முறுக்கிப் பிழியும்போது யாரும் சிரிப்பதில்லை. அந்தக் கைக்கு வேலை தெரியும். பிழிந்து, உதறி, அடுத்ததை எடுக்கும்போது மூச்சு வாங்கும். அந்த மூச்சோடு ஒரு வரி பேசினால் போதும், நடிக்கவே வேண்டாம். அமெச்சூர் நடிகருக்குக் கண்ணீர் வரவழைக்கப் பயிற்சி கொடுப்பதைவிட, கைக்கு ஒரு வேலை கொடுப்பது நல்லது. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே இதுதான். மற்றதெல்லாம் பேச்சுவாக்கில் வருவது.

பாஷை விஷயம். எங்கள் குழுவில் பாதிப்பேர் தேவாரத்தைக் கணீரென்று பாடுவார்கள், தமிழில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் கூசுவார்கள். வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதித்தான் படிப்பார்கள். எழுத்தைப் பார்த்துப் படித்தால் ளகரமும் ழகரமும் போய்விடும். அதனால் தேவாரத்தைக் காதால் கற்றது போலவே வசனத்தையும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினோம், பஸ்ஸில் போகும்போது கேட்டுக் கேட்டுப் படித்தார்கள். நீள வசனங்களை வெட்டினேன். ஜெயில் அதிகாரி மட்டும் இங்கிலீஷ் பேசுவார், பெண்கள் தமிழ் பேசுவார்கள். ஒத்திகையில்தான் அதில் இருந்த முள் தெரிந்தது. பார்க்கிறவர்களில் பலருக்கு அதிகாரி பேசுவது முழுசாகப் புரியும், தங்கள் கொள்ளுப்பாட்டிமார் பேசுவது அரைகுறையாகத்தான் புரியும். திரையில் மொழிபெயர்ப்புப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். புரியாத அந்தச் சங்கடமும் நாடகத்தில் சேர்ந்ததுதான். இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், போடட்டும்.

அப்புறம் அந்தக் கடைசிக் காட்சி. காந்தி வள்ளியம்மையைப் பார்க்க வந்து, ஜெயிலுக்குப் போனதில் வருத்தம் உண்டா என்று கேட்கிறார். இப்போது பிடித்தாலும் மறுபடி போகத் தயார் என்கிறாள். செத்துப்போனால் என்று கேட்கிறார். தாய்நாட்டுக்காகச் சாக யாருக்குத்தான் ஆசை இருக்காது என்கிறாள். இதைத்தான் எல்லா மேடையிலும் முழங்க வைக்கிறார்கள். ஆனால் காந்தி எழுதியதைப் பாருங்கள். அவள் உயரமான பெண், அதனாலேயே அந்த இளைத்த உடம்பைப் பார்க்கப் பயங்கரமாக இருந்தது என்கிறார். படுக்கையை விட்டு எழ முடியாத பெண் எப்படி முழங்குவாள்? அதனால் முதலில் உயரமான பிள்ளையாகத் தேடினோம். மேடையில் பாய் கொஞ்சம் குட்டை, கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வசனத்தை, தண்ணீர் கொடு என்று கேட்கிற குரலில் சொல்லச் சொன்னேன். காந்தியாக நடித்த அண்ணன் குனிந்து காதைக் கொடுத்தால்தான் அவருக்கே கேட்கும். மைக்கைத் தூக்கிக் கிட்டே வைக்கவில்லை. பின்வரிசைக்குக் கேட்காதே என்றார்கள். கேட்காவிட்டால் சத்தம் போடாமல் உட்கார்வார்கள் என்றேன். உட்கார்ந்தார்கள்.

கமிட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பொன்னாடையை நாடகத்துக்கு முன்னால் போர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் முடிந்த பிறகு போர்த்துங்கள். துவைக்கும் காட்சிக்கும் சாவுக்கும் நடுவில் பிரதம விருந்தினரை மேடையேற்றி, ஸ்பான்சர் பெயர்களை வாசித்து, குலுக்கல் சீட்டு எடுத்தால், பிழிந்து வைத்த கம்பளியெல்லாம் காய்ந்துவிடும். இடைவேளையே வேண்டாம் என்பது என் கட்சி. ஒன்றேகால் மணி நேரம் டீ குடிக்காமல் இருக்க நம் ஜனங்களால் முடியும். கூத்துப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள்தானே.

அடுத்த தடவை பீனிக்ஸ் பக்கம் போடுவதாக இருக்கிறோம். வள்ளியம்மையாக நடித்த பிள்ளை கேப் டவுனுக்குப் படிக்கப் போகிறாள். உயரமான பெண் பிள்ளை யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள், தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பழைய தகரத் தொட்டி ஒன்றும் வேண்டும், எங்களுடையது ஒழுகுகிறது. நன்றி, வணக்கம்.