ஹெல்சிங்கிக்காரர்களை வாட்டுவது குளிர் அல்ல

[காட்சி: நவம்பர் மாலை நான்கு மணி. மழை ஈரத்தில் டிராம் தண்டவாளம் மின்னுகிறது.]

வணக்கம். பின்லாந்து என்றதுமே பலரும் கேட்பது, "அந்தக் குளிரை எப்படித்தான் தாங்குகிறார்களோ?" தலைநகர் ஹெல்சிங்கியில் குளிருக்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். அங்கே அன்றாட வாழ்க்கையைப் படுத்தி எடுப்பவை இருட்டும் வழுக்கலும்தான்.

குளிரை முதலில் முடித்துவிடுவோம். நகரத்தின் பெரும்பாலான கட்டடங்களுக்குப் பூமிக்கடியில் குழாய் வழியாக வெந்நீர் வருகிறது. அறையைச் சூடாக்க ஜன்னலோரம் வைத்திருக்கும் ரேடியேட்டர்கள் சூடாவது அந்தச் சூட்டால்தான். ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. வெளியே மைனஸ் 15 என்றாலும் உள்ளே 21 டிகிரி, டீ-ஷர்ட்டோடு உட்கார்ந்திருக்கலாம். இதற்காக நெடுங்காலம் நிலக்கரி எரித்தார்கள். கடைசி நிலக்கரி ஆலை 2025 வசந்தத்தில் மூடப்பட்டது. சாக்கடை நீரில் மிஞ்சியிருக்கும் சூட்டைக்கூட இப்போது வீணாக்குவதில்லை. காத்ரி வாலா பூங்காவுக்கு அடியில் பாறையைக் குடைந்து கட்டிய நிலையம் 2006 முதல் அந்தச் சூட்டை உறிஞ்சி வீடுகளுக்கு அனுப்புகிறது. எனக்கு இந்த ஊரிலேயே மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

[காட்சி: நடைபாதையில் சிதறிக் கிடக்கும் பொடி ஜல்லி. கேமரா தரையோடு தரையாக.]

சரி, வழுக்கலுக்கு வருவோம். ஹெல்சிங்கி கடலோர நகரம். அதனால் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். பகலில் உருகிய பனி இரவில் கண்ணாடியாக உறையும். அதன் மேல் மழை பெய்துவிட்டால் அவ்வளவுதான். நடப்பவர்களுக்கென்றே வானிலை நிலையம் தனி எச்சரிக்கை விடுகிறது. வயதானவர்கள் அடியில் சிறு ஆணி பதித்த ஷூ போடுகிறார்கள். நடைபாதை முழுக்கப் பொடி ஜல்லி தூவுகிறார்கள். அது ஷூவின் இடுக்கில் ஏறிக்கொண்டு வீட்டு வாசல் வரை கூடவே வரும். கூரையிலிருந்து பனி விழக்கூடிய இடங்களில் நடைபாதையை மறித்து ஒரு கட்டையைச் சுவரில் சாய்த்து வைப்பார்கள். அதைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விட வேண்டும்.

அப்புறம் இருட்டு. டிசம்பர் கடைசியில் சூரியன் உதிக்க ஒன்பதரை மணி ஆகிவிடும். மூன்றேகால் மணிக்குள் மறைந்துவிடும். பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் இருட்டில், பெரியவர்கள் வேலை முடிந்து திரும்புவதும் இருட்டில். கோட்டின் ஓரத்தில் ஒரு பிரதிபலிப்பான் ஊசலாடும், கார் விளக்குப் பட்டதும் பளிச்சென்று தெரியும். இருட்டில் நடப்பவர்கள் அதை அணிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மக்கள் மிகவும் வெறுப்பது நவம்பரை. இருட்டு இருக்கும், பனி இருக்காது. வெண்பனி விழுந்துவிட்டால் தெருவிளக்கின் ஒளி அதில் பட்டு ஊரே வெளுத்துவிடும். அதனால் பனி வந்தால் சந்தோஷம்தான். விளையாட்டு மைதானங்களில் தண்ணீர் பாய்ச்சி உறையவிடுவார்கள். மாலையில் பிள்ளைகள் அங்கே ஸ்கேட்டிங் செய்வார்கள். கடலில் பனிக்கட்டியை வெட்டிய துளையில் பெரியவர்கள் முங்கி எழுந்து சானா என்னும் சூடான வியர்வைக் குளியல் அறைக்கு ஓடுவார்கள்.

[காட்சி: ஏப்ரல். ஜல்லியைக் கூட்டி அள்ளும் வண்டி, அதைச் சுற்றிப் புழுதி.]

பனி உருகியதும் அத்தனை ஜல்லியையும் திரும்ப அள்ள வேண்டும். அந்தச் சில வாரங்கள் காற்றெல்லாம் தூசு; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ரொம்பக் கஷ்டமான காலம்.

[காட்சி: ஜூன், இரவு பத்து மணி. கடலோரம் வெயில்.]

ஜூனில் எல்லாம் தலைகீழ். விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். மறைய இரவு பதினொரு மணி நெருங்கும். முழு இருட்டு வருவதே இல்லை, தூங்கக் கனத்த திரைச்சீலை வேண்டும். வீட்டுக்குள் இருக்க யாருக்கும் மனம் வராது. கௌப்பத்தோரி சந்தையில் பச்சைப் பட்டாணியை லிட்டர் கணக்கில் அளந்து தருவார்கள். வாங்கியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து தோலை உரித்துப் பச்சையாகவே மெல்வார்கள். பக்கத்திலேயே படகு நிற்கும். பஸ், டிராம் டிக்கெட்டே அதற்கும் செல்லும். கால் மணி நேரத்தில் சுவோமென்லின்னா கோட்டைத் தீவு.

அவசியம் பார்க்க வேண்டியது கடற்கரையில் விரிப்புத் துவைக்கும் மேடை. பழந்துணியைக் கீற்றாகக் கிழித்து நெய்த நீள விரிப்புகளைக் கொண்டுவந்து, பைன் சோப்புப் போட்டுப் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழிந்து, அங்கேயே உள்ள கம்பிகளில் காயப்போடுவார்கள். வீட்டில் வாஷிங் மெஷின் இருந்தும் இங்கே வருகிறார்கள், ஏனென்றால் வேலையோடு வேலையாக வெயிலும் கிடைக்கும், அக்கம்பக்கத்துப் பேச்சும் கிடைக்கும்.

ஜூன் 20 முதல் 26-க்குள் வரும் சனிக்கிழமை யுஹன்னுஸ், நடுக்கோடைத் திருநாள். நகரத்தார் முதல் நாளே ஏரிக்கரைக் குடில்களுக்குக் கிளம்பிவிடுவார்கள், பல கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். அந்த வார இறுதியில் ஹெல்சிங்கி போவதாக இருந்தால் வியாழக்கிழமையே சாமான் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.