புரோநோட்டு வழக்கு: "கையெழுத்து என்னுடையதுதான், பணம் வாங்கவில்லை"

(திரையில்: புரோநோட்டின் முன்பக்கம்)

வணக்கம். இதுதான் புரோநோட்டு: கடன் வாங்கியவர் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு. இந்தத் தாளில் மொத்தமே ஏழெட்டு வரிதான். "தாங்கள் கேட்கும்போது தங்களுக்கோ தங்கள் உத்தரவு பெற்றவருக்கோ அசலும் வட்டியும் செலுத்தி, இந்த நோட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." கீழே ரெவின்யூ ஸ்டாம்பு, அதன் மேலேயே கையெழுத்து. வழக்கு வரும்போது வக்கீல் இந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தியாவில் இதற்கு 1881-ம் வருடச் சட்டம் இருக்கிறது: செலாவணி முறிச் சட்டம். வாக்குறுதியில் நிபந்தனை இருக்கக் கூடாது. "கல்யாணம் முடிந்து 7 நாள் கழித்து 500 ரூபாய் தருகிறேன்" என்று எழுதினால் அது புரோநோட்டே இல்லை. இது அந்தச் சட்டமே சொல்லும் உதாரணம்.

இனி வழக்கின் உயிர்நாடி. கடன் வாங்கியவர் பெரும்பாலும் சொல்வது: "கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் வெற்றுத்தாளில் வாங்கிக்கொண்டார்கள்." இப்படிச் சொன்னதுமே நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் ஏறிவிடுகிறது. கையெழுத்திட்டது உறுதியானால், பணம் கைமாறியது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 118-வது பிரிவு. வெற்றுத்தாள் வாதமும் தனியாகக் காப்பாற்றாது. ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலே, நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் கொடுத்ததாகத்தான் 20-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். தயவுசெய்து, எவ்வளவு அவசரமானாலும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. வெறுமனே "வாங்கவில்லை" என்று மறுத்தால் போதாது. ஆனால் பணம் கைமாறியிருக்க வாய்ப்பில்லை என்று சூழ்நிலையை வைத்துக் காட்டினால் போதும் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அவ்வளவு தொகை கொடுக்கக் கடன் கொடுத்ததாகச் சொல்பவரிடம் வசதியே இல்லை, அவருடைய கணக்கில் அந்தக் கடன் இல்லை, இப்படி. அதைக் காட்டிவிட்டால் பாரம் கடன் கொடுத்தவர் பக்கம் திரும்பும். அவர் கணக்குப் புத்தகத்தை மறைத்தால், அதையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்பது 1961-லேயே வந்த தீர்ப்பு.

கையெழுத்தையே மறுத்தால் கதை வேறு. அப்போது நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். சாட்சிக் கையெழுத்து கட்டாயமில்லை என்றாலும், நோட்டின் வாசகத்தை எழுதினவரும் உடனிருந்தவரும் உதவுவது இந்த இடத்தில்தான்.

ஸ்டாம்பு விஷயத்தில் சட்டம் கடுமையானது. மற்றப் பல பத்திரங்களுக்கு அபராதம் கட்டிச் சரிசெய்யலாம். புரோநோட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஸ்டாம்பு குறைந்தால் சாட்சியமாகவே ஏற்க மாட்டார்கள்.

(திரையில்: அதே நோட்டின் பின்பக்கம்)

எனக்கு மிகவும் வருத்தம் தருவது காலவரம்பில் தோற்கும் வழக்குகள். "கேட்கும்போது தருகிறேன்" என்ற நோட்டுக்கு 3 வருடம், நோட்டு எழுதிய தேதியிலிருந்து. நீங்கள் கேட்ட தேதியிலிருந்து இல்லை. 2022 ஜூன் 10-ல் எழுதியதற்கு 2025 ஜூன் 10-க்குள் வழக்குப் போட வேண்டும். இடையில் கொஞ்சம் பணம் வந்து, பின்பக்கம் வரவு எழுதினால் அன்றிலிருந்து புதிதாக 3 வருடம். ஆனால் அந்த வரவைக் கடனாளி தன் கையால் எழுதியிருக்க வேண்டும், அல்லது அதில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். கொடுத்தவரே எழுதி வைத்துக்கொண்ட வரவு செல்லாது. கடனாளியின் சம்மதமில்லாமல் தேதியைத் திருத்தினாலோ, நோட்டே செல்லாமல் போய்விடும்.

கடனைத் தீர்த்தவர்களுக்கு ஒன்று: பணம் கொடுத்த கையோடு அசல் நோட்டை வாங்கிவிடுங்கள். "வீட்டில் தேடித் தருகிறேன்" என்றால், முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.